மேஸ்திரியின் கைலி

முப்பத்தாறு வயதில் நான் மறுபடியும் படிக்கப் போனேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் காலை ஏழரை மணி பஸ். படிப்பின் பெயர் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர். என் மாமியாருக்கு அது வாயில் நுழையவில்லை. கேட்பவர்களிடமெல்லாம், "மருமவ டாக்டருக்குக் கூடமாட ஒத்தாச பண்ணப் படிக்கிது" என்று சொல்லிவைத்தார். நான் திருத்தவில்லை. திருத்தினால் விளக்க வேண்டும். விளக்கினால், "அப்ப பிசியோதெரபியா?" என்பார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும் பாருங்கள், அதற்கு மாமியார் சொல்வதே மேல்.

பக்கவாதம் வந்தவர்களும் அடிபட்டவர்களும் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளப் பழக்குவதுதான் எங்கள் வேலை. பல் தேய்ப்பது, சாப்பிடுவது, சட்டை போடுவது, இப்படி. உதவியாளர் என்று பெயர் வைத்துவிட்டு, முதல் நாள் எங்கள் மேடம் நடத்திய முதல் பாடம், உதவி செய்யாதே என்பது. நோயாளி ஒரு பட்டனோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினாலும் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு இது பெரிய தண்டனை. நாற்பது வயதுக் கணவருக்கு இன்னமும் மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறவள் நான். வகுப்பில் பக்கத்துப் பெண் பென்சில் சீவினால்கூட வாங்கிச் சீவிக் கொடுத்துவிடுவேன்.

கடைசி மூன்று மாதம் செய்முறைப் பயிற்சி. ஆளுக்கொரு நோயாளியை ஒப்படைத்தார்கள். எனக்குக் கிடைத்தவர் எங்கள் கடலூரிலேயே, திருப்பாப்புலியூரில் ஒரு கொத்தனார் மேஸ்திரி. ஐம்பத்தெட்டு வயது. வலது பக்கம் வாதம். பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் ஜாஸ்தி என்றே சொல்லலாம். கால் பரவாயில்லை, தடி ஊன்றி நடந்தார். வலது கைதான் தோளிலிருந்து சும்மா தொங்கியது. விரலை மடக்குங்கள் என்றால் முறைப்பார், விரலை அல்ல, என்னை.

மரக்கட்டைகளைத் துளையில் சொருகும் பலகை ஒன்றை முதல் நாள் எடுத்துப் போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா செஞ்சது? மட்டமே இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

"சரி மேஸ்திரி, உங்களுக்கு என்னா கத்துக்கணும்? சொல்லுங்க" என்றேன். அதுவும் பாடத்தில் உள்ளதுதான், நோயாளியிடமே கேட்க வேண்டும்.

அவர் மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தணித்தார். "கைலி கட்டணும்."

விஷயம் இதுதான். தினமும் காலையில் மனைவிதான் அவருக்குக் கைலி கட்டிவிடுகிறார். வீட்டுக்குள் சரி. தெருமுனை டீக்கடைக்குப் போய் நாலு மாதமாகிறது. போன இடத்தில் கைலி நழுவினால் யாரைக் கூப்பிடுவது? "பொண்டாட்டிய டீக்கடைக்கு இட்டுக்கினு போவ முடியுமா?" என்றார். அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் அவர் எத்தனையோ வீட்டுக்கு வேலை பேசி முடித்திருக்கிறார். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் தூக்குவாளியில் வாங்கி வரும் டீயைக் கட்டிலில் உட்கார்ந்து குடிக்கிறார். அதை அவர் டீ என்றே ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் புத்தகத்தில் கைலி இல்லை. ஜிப் இருக்கிறது, ஷூ லேஸ் இருக்கிறது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டையைப் பரிந்துரைக்கலாம் என்று இருக்கிறது. நான் அறிவாளித்தனமாக ஒரு கைலியை டெய்லரிடம் கொடுத்து எலாஸ்டிக் வைத்துத் தைத்து வாங்கிப் போனேன். மேஸ்திரி அதை இழுத்துப் பார்த்தார். "ஏம்மா, பாவாடையா இது?" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்த சிரிப்பில் என் முகம் தொங்கிப்போனது.

அன்று வீட்டில் கணவரைப் பிடித்து நிறுத்தி, எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு நொடியில் கட்டிவிட்டு, "இப்புடித்தான்" என்றார். மெதுவாக, என்றேன். இன்னும் மெதுவாக, என்றேன். ஆறாவது தடவை அவருக்கே மறந்துபோய், கைலியைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார். மறுநாள் அவர் குளித்துவிட்டு வரும்போது நான் சுடிதாருக்கு மேல் அவர் கைலியைப் போட்டுக்கொண்டு, வலது கையைத் துப்பட்டாவால் கட்டிவைத்துக்கொண்டு, பீரோவோடு மல்யுத்தம் செய்துகொண்டிருந்தேன். "இதுக்கா சிதம்பரத்துக்குத் தெனம் பஸ் ஏர்ற? கேட்டிருந்தா நானே சொல்லித் தந்திருப்பேனே" என்றார். முந்தின நாள் விழித்தது யார் என்று நான் கேட்கவில்லை. ராத்திரி சோற்றுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பீரோ வழி காட்டியது. வலது இடுப்பை அதில் அழுத்தி நின்றால் அந்தப் பக்கத் துணி நழுவாது. இடது கையால் மிச்சத் துணியை இழுத்து, வயிற்றுக்குக் குறுக்கே மடித்து, செருகி, மேலே சுருட்டிவிடலாம். பீரோவுக்குப் பதில் சுவர். மேஸ்திரியிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். "இந்தச் சொவரு நாந்தான் கட்டனது. என் கைலியப் புடிச்சிக்கும்னு அப்பத் தெரியாம போச்சே, இன்னும் கொஞ்சம் நல்லாப் பூசியிருப்பேன்."

உள்ளே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மூன்று வாரம் பழகினார். முதல் வாரம் கைலி காலடியில்தான் கிடந்தது. ஒவ்வொரு முறையும் என் கை பரபரக்கும், முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வேன். இரண்டாவது வாரம் பாதி தூரம் நின்றது. மூன்றாவது வாரம் நழுவப் பார்த்தால் சட்டென்று சுவரில் சாய்ந்து அவரே பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டார். அடுத்தது டீக்கடை என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

மதிப்பெண் போட மேடம் சிதம்பரத்திலிருந்து வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்துக்கொண்டார். மேஸ்திரி புதுக் கைலியோடு சுவரோரம் நின்றார். இழுத்தார், மடித்தார், செருகினார். சுருட்டும்போது இடது பக்கம் லேசாக இறங்கியது. ஒரு மூச்சு பொறுத்திருந்தால் சாய்ந்து பிடித்திருப்பார். என் கை பொறுக்கவில்லை, பாய்ந்து பிடித்துவிட்டேன். என்னைப் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவியும் பிடித்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிற்க, நடுவில் மேஸ்திரி தேர் மாதிரி நின்றார்.

மேடம் நிமிராமலே தாளில் எழுதினார்: உதவி தேவைப்பட்டது.

"அது நழுவலம்மா, நழுவுற மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான்" என்றார் மேஸ்திரி. பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்குக் கேலி இல்லை. "கூடவே நின்னு சொல்லித் தந்த நீயே நம்பல. தெருவுல நான் எப்புடி நம்பறது? நாளைலேருந்து வராத."

மன்னிப்புக் கேட்டேன். போனில் கேட்டேன், நேரில் போயும் கேட்டேன். அவர் மனைவி காபி கொடுத்தார், அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மறுதேர்வில் வேறொரு அம்மாவுக்குத் தலை வாரப் பழக்கி நான் தேறிவிட்டேன். மாமியார் தெருவுக்கே லட்டு கொடுத்தார். எனக்கு அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் வாசல் தாண்டப் போன நேரத்தில் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கடலூரிலேயே வேலை கிடைத்தது. அவர் தெருவைத் தவிர்க்க, தினமும் சுற்றிக்கொண்டு போனேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை அந்தச் சுற்றுவழியில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மேஸ்திரியின் தெருவுக்குள் ஸ்கூட்டியைத் திருப்பினேன். முனையில் டீக்கடை. நாலைந்து பேருக்கு நடுவில், கடைச் சுவரில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு மேஸ்திரி நின்றார். தடி பெஞ்சில் கிடந்தது. மனைவி கூட இல்லை. இடது கையில் டீ கிளாஸ். கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கி மடித்துக் கட்டியிருந்தார், அந்தக் காலத்து மேஸ்திரி மாதிரி.

என்னைப் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கிளாஸை வைக்க இடம் தேடினார். இடமில்லை. அப்போது, நான் எத்தனை கெஞ்சியும் அசையாத அந்த வலது கை, உடம்பை ஒட்டி மெல்ல ஊர்ந்து இடுப்புக்கு வந்தது. பெரிய மனிதர்கள் எதிரே வந்தால் ஆண்கள் மடிப்பை இறக்கிவிடுவார்களே, அதற்காக. விரல்கள் மடிப்பைத் தொட்டன, வழுக்கின, மறுபடி தொட்டன.

டீ மாஸ்டர் அதைக் கவனித்து, பாய்லரை விட்டு ஒரு எட்டு வைத்தார்.

"விடுண்ணா, அவரே செய்வாரு" என்றேன்.

பின்னால் ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் ஓர் ஆட்டோ அடித்தது. நான் இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தக் கைலி இறங்கும்வரை நடுத்தெருவில் நின்றேன்.