ஜூன் வெயிலில் நூகிமின் கோட்டு

ஃபிலோமேனா ரொகால்ஸ்கா ஐம்பது ஆண்டுகளாக எங்கள் ஊரில் எவர் வீட்டிலும் ஒரு வாய்த் தேநீர்கூடக் குடித்ததில்லை. கல்யாணமோ, ஞானஸ்நானமோ, சாவோ, வாசற்படி வரைக்கும் வருவாள், சொல்ல வேண்டியதைச் சொல்வாள், திரும்பிவிடுவாள்.

"உள்ள வாயேன், ஃபிலோமேனா."

"வேணாம்மா. உங்க வீட்டு நாற்காலி எனக்குத் தெரிஞ்சவங்களோடது. உக்காந்தா அது பேச ஆரம்பிச்சிடும்."

ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றது, கிறுக்கி என்றது. உண்மையில் ஊருக்கு அவளைக் கண்டு பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரான ஒல்ஷானெக்கில் போருக்கு முன்பு இருந்த யூத வீடுகளில் முப்பத்தொரு வீடுகளின் உட்புறம் அவளுக்கு மனப்பாடம். எந்த மூலையில் எந்த அலமாரி, எந்தக் கட்டிலில் எந்த மெத்தை, எந்தத் தட்டின் விளிம்பில் விரிசல், எல்லாம் தெரியும். சனிக்கிழமை அடுப்பு பற்றவைப்பவள் அவள். யூதர்கள் சனிக்கிழமை நெருப்பைத் தொடமாட்டார்கள். தீக்குச்சி உரசுவதும் பாவம். ஜனவரி மாதத்தில் எங்கள் ஊரில் அடுப்பில்லாத வீடு ஐஸ் கிடங்குதான். ஆகவே விடியற்காலையில் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி வீடு வீடாகப் போய்ப் பற்றவைத்துவிட்டு வருவாள். முதலில் அவள் அம்மா போனாள். அம்மாவின் முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும் ஃபிலோமேனா போனாள். ஒவ்வொரு வீட்டிலும் சடை போலப் பின்னிச் சுட்ட வெள்ளை ரொட்டியில் ஒரு துண்டு அவளுக்காக மேசை ஓரத்தில் இருக்கும்.

இந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. "அடுப்பைப் பத்தவை" என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் தாங்களே செய்ததற்குச் சமம். அதனால் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு யாரிடமோ சொல்வதுபோல், "குளிருது" என்பார்கள். அவ்வளவுதான். மிச்சத்தைப் புரிந்துகொள்வது ஃபிலோமேனா பாடு.

ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு குணம் என்பாள். குதிரை வியாபாரி ஃபைவெல் வீட்டு அடுப்பு தும்முமாம். ஒரு தடவை தும்மிய தும்மலில் அந்த வீட்டு வெள்ளைப் பூனை புகைபோக்கி வழியாகப் பறந்து, அடுத்த தெருவில் பங்குச் சாமியாரின் பீட்ரூட் சூப்பில் போய் விழுந்ததாம். அதற்குப் பிறகு மூன்று தலைமுறைக்கு அந்தத் தெருப் பூனைகள் எல்லாம் ரோஜா நிறம். நானே பார்த்திருக்கிறேன்.

அந்த முப்பத்தொரு அடுப்புகளில் கடைசி அடுப்பு நூகிம் வீட்டு அடுப்பு. நூகிம் பன்றி மயிரில் பிரஷ் கட்டுகிறவர். "என்ன நூகிம், பன்னியைத் தொடலாமா?" என்று எவனாவது சீண்டினால், "திங்கத்தான் கூடாது. அதுக்குத் தலை வாரி விடக் கூடாதுன்னு எந்த வேதத்துல இருக்கு?" என்பார். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகன் கால்மன், போர் தொடங்கிய முதல் மாதமே, பதினெட்டு வயதில் கிழக்கே ரஷ்யப் பக்கம் ஓடிவிட்டான். நூகிமுக்கு மிஞ்சியது ஒரு கோட்டு. கறுப்புக் கம்பளி, உள்ளே ஆட்டுத்தோல், கணுக்கால் வரை நீளம். பித்தான்கள் எல்லாம் கறுப்பு. மேலிருந்து மூன்றாவது மட்டும் பழுப்பு. பழைய பித்தானைக் கால்மன் மூன்று வயதில் விழுங்கிவிட்டான். அம்மாக்காரி இரண்டு நாள் காத்துப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் வேறு பித்தான் தைத்தாள்.

நாற்பத்தொன்றாம் ஆண்டு நவம்பர் முதல் தேதி சனிக்கிழமையில் வந்தது. எங்களுக்கு அது கல்லறைகளில் விளக்கேற்றும் நாள். ஊரே கையில் மெழுகுவத்தியும் சாமந்திப் பூவுமாகக் கிளம்பிய காலையில், ஜெர்மன்காரர்கள் யூத ஆண்களைச் சந்தைத் திடலுக்கு இழுத்து வந்தார்கள். பதினாறு வயதிலிருந்து அறுபது வரை நூற்றுப் பதினேழு பேர். பலர் தொழுகையிலிருந்து அப்படியே வந்தவர்கள். கோட்டு இல்லை, சிலருக்குச் செருப்புமில்லை. கல்லறைக்குப் போகும் வழி திடலைத் தாண்டித்தான். ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தி கைப்பூ கசங்கிவிடாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தாள். அந்த ஒருத்தி யாரென்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், என் உறவு.

ஃபிலோமேனாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடைசி வரிசையில் நின்ற நூகிம் அவளைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"குளிருது."

அவளுக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? ஓடினாள். நூகிம் வீடு திறந்து கிடந்தது. விடியலில் அவள் பற்றவைத்த அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ரொட்டிக்கடைக்காரி இறகு மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சட்டியும் கரண்டியும் ஏற்கெனவே சாக்குக்குள் போயிருந்தன.

"அப்படிப் பாக்காதடி. நான் எடுக்கலன்னா வேற எவளாவது எடுப்பா. நீயும் ஏதாவது எடுத்துக்கயேன்."

ஃபிலோமேனா ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். கையில் கொண்டுபோனால் வழியில் பிடுங்குவார்கள் என்று போட்டுக்கொண்டாள். திடலுக்குத் திரும்பியபோது வரிசை இன்னும் நின்றிருந்தது. அவளுக்கும் நூகிமுக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடியில் ஒரு ஜெர்மன் சிப்பாய், யாருக்கோ தண்ணீர் கொடுக்கப் போன ஒரு கிழவியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தான்.

அவள் நின்றாள். நூகிம் அவளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "குளிருது" என்று இன்னொரு தரம் சொன்னார், கொஞ்சம் சத்தமாக. ஃபிலோமேனா குனிந்து கையிலிருந்த மெழுகுவத்திகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தாள். லாரிகள் வந்தன, ஏற்றினார்கள், போயின. பிறகு அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவின் சமாதியில் விளக்கேற்றினாள். அந்தக் கோட்டோடு.

அதை அவள் மறைத்ததே இல்லை. "அந்த வருஷம் குளிர் ஜாஸ்தி. போட்டுக்கிட்டேன். நாலு குளிர்காலம் போட்டேன்" என்று யார் கேட்டாலும் சொல்வாள்; கேட்காவிட்டாலும் சொல்வாள். அடுத்த வசந்தத்தில் யூதப் பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்த வீடுகளும் ஒரே வாரத்தில் காலி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊரில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். இறகு மெத்தைகள் அப்படி.

போர் முடிந்தபின் ஃபிலோமேனா பள்ளிக்கூடத்து அடுப்புகளுக்குத் தீ மூட்டினாள், முப்பத்தைந்து வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவன் கேட்டு வந்தான். "உன் சட்டைப்பையில இருக்கே கடிகாரம், அது ஃபைவெலோடது" என்றாள். அவன் அதற்கப்புறம் வரவில்லை. கோட்டை வால்நட் இலை போட்டு, பூச்சி அரிக்காமல் தொங்கவிட்டிருந்தாள். அதைக் கொடுக்கவேண்டிய ஆள் கால்மன் உயிரோடிருக்கிறானா என்பதே தெரியாது.

தொண்ணூற்றொன்றில் தெரிந்தது. நகரமன்றம் திடலில் ஒரு நினைவுக்கல் நட முடிவு செய்தது. மேலிடத்திலிருந்து ஏதோ கடிதம். மற்ற ஊர்கள் நட்டுவிட்டன, நாம் நடாவிட்டால் நன்றாயிராது. கல்லில் பொறித்த வாசகம்: "இவ்வூரிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 117 பேர் நினைவாக." பெண்களும் குழந்தைகளும் கணக்கில் இல்லை, பெயரும் ஒன்றுமில்லை. பெயரைப் போட்டால் முகவரி ஞாபகம் வரும். முகவரி ஞாபகம் வந்தால் இப்போது அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதும் வரும். தீபம் ஏற்ற யூத நாட்டு ஹைஃபாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றார்கள். நூகிமின் மகன் கால்மன், வயது எழுபது.

ஃபிலோமேனா நகரமன்றத்துக்குப் போய், விழாவில் தான் பேசவேண்டும் என்றாள். மறுநாளே செயலர் ஸெனோன் அவள் வீட்டுக்கு வந்தான்.

"பெரியம்மா, அந்தக் கோட்டைத் தனியா குடுத்துடுங்க. ஊர் முன்னாடி எதுக்கு?"

"ஊர் முன்னாடிதானேடா போட்டுக்கிட்டு நின்னேன்?"

"இன்னிக்குக் கோட்டும்பீங்க. நாளைக்கு ஒருத்தர் கட்டிலும்பாரு, இன்னொருத்தர் வீடும்பாரு. எங்க போய் முடியும்?"

"உன் கட்டில்ல போய் முடியும். தலைமாட்டுல ரெண்டு புறா செதுக்கியிருக்குமே?"

"அது எங்க தாத்தா வாங்கினது!"

"ஆமா ஆமா, வாங்கினாரு. ஜன்னல் வழியா உங்க பாட்டி நீட்டினா, கீழ நின்னு வாங்கினாரு."

ஸெனோன் காது சிவக்க எழுந்து போனான். அதற்குமேல் அவளைக் கால்மன் பக்கம் அண்டவிடவில்லை. வியாழக்கிழமை கால்மன் வந்து விடுதியில் இறங்கினார். வெள்ளிக்கிழமை அவள் போய்க் கேட்டபோது "ஐயா ஓய்வெடுக்குறாரு" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். விழா நாளில் அவளுக்கு இருபுறமும் ஒவ்வொரு தீயணைப்புக்காரனை நிறுத்தினார்கள். பித்தளைத் தொப்பி பளபளக்க, எழுபத்திரண்டு வயதுக்காரியை அணைக்க இரண்டு ஆம்பிளைகள்!

விழா ஜூன் பதினைந்து, சனிக்கிழமை.

ஆம், சனிக்கிழமை. நானூறு வருடம் யூதர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்த ஊர், அவர்களுக்கு நெருப்பேற்றும் விழாவைச் சனிக்கிழமையில் வைத்தது. தீயணைப்புப் படையின் வாத்தியக்குழு அன்றுதான் ஓய்வாம். நாள் பொருத்தமில்லை என்று கால்மன் எழுதிய கடிதத்தை ஸெனோன் நன்றிக்கடிதம் என்று நினைத்துக் கோப்பில் போட்டுவிட்டான். விருந்துக்குப் பன்றித்தொடை வேறு வெட்டியிருந்தார்கள். முதல் துண்டு விருந்தாளிக்காம், மரியாதை!

வெயில் முப்பத்திரண்டு டிகிரி. மேயர் பேசினார், வாத்தியம் முழங்கிற்று. கல்லுக்கு முன்னால் பெரிய கிண்ணத்தில் எண்ணெயும் திரியும். மேயர் தீப்பெட்டியைக் கால்மனிடம் நீட்டினார்.

"இன்னிக்கு என்னால முடியாதுங்க" என்றார் கால்மன்.

"கூச்சப்படாதீங்க ஐயா. நீளக் குச்சிதான், கை சுடாது."

"முடியாதுங்க."

மேயரின் முகம் தொங்கிற்று. கூட்டத்தில் "வந்த இடத்துல என்ன திமிரு பாரு" என்று ஒரு குரல் கேட்டது. கால்மன் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை கோடை உடுப்புகளுக்கும் நடுவே, இரண்டு பித்தளைத் தொப்பிகளுக்கு இடையில், கணுக்கால் வரை கறுப்புக் கம்பளிக் கோட்டு அணிந்து ஒரு கிழவி வியர்த்து நின்றாள். அவர் மெல்லத் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தார்.

"குளிருது" என்றார்.

"ஐயோ, வெயில் தலைக்கேறிடுச்சு! டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று மேயர் கத்தினார்.

"டாக்டர் எதுக்குடா? தள்ளுங்க" என்றாள் ஃபிலோமேனா. தீயணைப்புக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விலகினார்கள். பதினைந்து அடிதான். மெதுவாக நடந்தாள். மேயர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கிக் குச்சியை உரசித் திரியில் வைத்தாள். பற்றியது. பிறகு கால்மனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்கப்பா இங்கதான் நின்னாரு. இதே வார்த்தையச் சொன்னாரு, ரெண்டு தரம். எனக்குப் புரிஞ்சுது. கோட்டை எடுத்துட்டு வந்தேன். குடுக்கல. இதைப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் நின்னேன்."

கால்மன் அந்தப் பழுப்புப் பித்தானை விரலால் தொட்டார்.

"அப்புறம்?"

"நாலு குளிர்காலம் போட்டேன்."

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் அழவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவுமில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் கோட்டைக் கழற்றினாள். சனிக்கிழமை அவர் எதையும் கையில் தூக்கிச் செல்லக் கூடாது, அணிந்து செல்லலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். கோட்டை விரித்துப் பிடித்தாள். அவர் முதுகைத் திருப்பிக் கைகளைப் பின்னால் நீட்டினார். போட்டுவிட்டாள். ஊரே சட்டைக்குள் வெந்துகொண்டிருந்த அந்த வெயிலில், ஆட்டுத்தோல் கோட்டோடு அவர் திடலைக் கடந்து விடுதிக்கு நடந்து போனார்.

விருந்து நடக்கத்தான் நடந்தது. வெட்டின பன்றித்தொடை வீணாகலாமா? முதல் துண்டை மேயரே தின்றார். ஊர் இரண்டு நாள் பேசிற்று, ஃபிலோமேனா விழாவைக் கெடுத்துவிட்டாள் என்று மட்டும்.

எங்கள் வீட்டுக்கு அவள் வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "உங்க உரல் சத்தம் கேக்குது" என்பாள். பித்தளை உரல், அடியில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. எங்கள் அம்மா அதை எங்கே வாங்கினாள் என்று நான் கேட்டதில்லை, கேட்கக் கூடாததைக் கேட்காத அளவுக்குப் படித்தவள் இல்லையா நான். அந்தச் சனிக்கிழமை அதில் நாங்கள் மிளகு இடிக்கவில்லை. மறுநாள் இடித்தோம்.