பத்தாவது நிமிடத்தில் அம்மா செத்துப்போவாள்

வீடியோ கடையில் வேலை பார்ப்பவள் எந்தப் படத்தையும் உட்கார்ந்து முழுதாகப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லாப் படத்துக்கும் கதை சொல்ல வேண்டியவள் அவள்தான். சனிக்கிழமை வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, குழந்தை ஒரே பொம்மைப் படத்தைப் பதினேழு முறை போடச் சொல்ல, போட்டுக் காட்டி நொந்துபோன அம்மாக்களே, நீங்கள் பதினேழு முறை பார்த்ததை நான் அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

கான்வென்டில் படித்த குற்றத்துக்காக எனக்கு ஒரு தனி வேலை உண்டு. இங்கிலீஷ் பொம்மைப் படங்களின் கதையைத் தமிழில் பத்து வரி எழுதி, கேசட் உறைக்குள் சீட்டாக வைக்க வேண்டும். என் மகள் நித்யா, ஐந்து வயது, பள்ளிவிட்டு வந்து கடை டிவி முன்னால்தான் இருப்பாள். எனக்கு இப்போது ஒன்பதாம் மாதம். அவள் பிறந்தபோது பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். இந்த முறையும் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா "பார்க்கலாம்" என்கிறார். இந்த நிலையில் இருப்பவள் எழுதுகிற சீட்டு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவுச் சட்டை

பத்தாவது நிமிடத்தில் அம்மா செத்துப்போவாள். அப்பா இருந்தால் அசடு. அனாதைப் பிள்ளை ஜன்னலோரம் நின்று "எனக்கு வேறு உலகம் வேண்டும்" என்று பாடும். கூடவே ஒரு பிராணி. அதற்குப் பசிக்கும், பேசத் தெரியும், வேறு எதற்கும் லாயக்கில்லை. படத்திலேயே நல்ல பாட்டு வில்லிக்கு. பிறகு மலை உச்சி, மழை, வில்லி தானாகவே கால் தவறி விழுவாள். நல்லவர்கள் கையில் ரத்தம் படக்கூடாதல்லவா. கடைசியில் கல்யாணம், பொண்ணுக்கு வயது பதினாறு.

அந்த அம்மாக்களுக்குப் பெயர்கூட வைப்பதில்லை. வெள்ளைத் துணி, நீளமான கூந்தல், இரண்டு இருமல், அவ்வளவுதான். ஆயிரம் பேர் உட்கார்ந்து படம் வரைகிறார்களாம், ஒருத்தருக்காவது ஒரு டாக்டரை வரையத் தோன்றவில்லை. இதை ஓனரிடம் சொல்லிப் பொருமினேன். அவர் கேசட்டைத் துடைத்தபடியே சொன்னார்: "தமிழ்ப் படத்துல மட்டும் என்னம்மா வாழுது? அதுல அம்மா கிளைமாக்ஸ்ல சாவா, இதுல முதல்லயே. சீக்கிரம் முடிஞ்சிடுதுல்ல."

பூனையைக் காணோம்

அரசனாகிற பூனைக்குட்டியின் கதை ஒன்று, இளவரசியாகிற குயவன் மகளின் கதை ஒன்று. இரண்டுக்கும் சீட்டு எழுதி, உறை மாற்றி வைத்துவிட்டேன். மூன்று மாதம். ஐம்பது வீட்டுக்காவது போய் வந்திருக்கும். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானே கண்டுபிடித்து, குயவன் மகளைத் திருப்பிக் கொடுக்க வந்த ஆட்டோக்காரர் ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். மனுஷன் பெருந்தன்மையாகக் கையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நீ எழுதினாப்லயே கீதுக்கா. அந்தப் பூனைய மட்டும்தான் காணோம்."

வாளியும் பாடும்

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு திருநெல்வேலி அம்மா வாராவாரம் வருவார்கள். வீட்டுக்காரருக்கு டாங்கி ஃபாக்டரியில் வேலை. சீட்டை நம்பமாட்டார்கள், கடையிலேயே கால்மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். அன்றைக்கு ஓடிய படத்தில் அனாதைப் பெண் கிணற்றடியில் அழ, வாளி தாளம் போட, தவளைகள் கோரஸ் பாடின. ஆறு நிமிடம்.

அவர்கள் பையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்கள். "ஏம்மா, வாளி பாடுது, தவளை பாடுது, அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போட ஒருத்தருமா இல்ல?"

சித்தி விசாரணை

நித்யாவுக்கு இங்கிலீஷ் புரியாது. சூத்திரம் புரிந்துவிட்டது. என் வயிற்றைப் பார்ப்பாள், டிவியைப் பார்ப்பாள். ஒரு நாள் "அம்மா, உனக்கு இருமல் இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. அடுத்து, கடைக்கு வருகிற பெண்களை ஒவ்வொருத்தராக ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தாள்.

திருநெல்வேலி அம்மா தேர்வாகிவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் இவள் போய், "ஆன்ட்டி, எங்கம்மா செத்துட்டா நீங்க சித்தியா வருவீங்களா?" என்று கேட்டாள். நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, யாருக்கும் இல்லாத ரசீது ஒன்று எழுதினேன். அவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளி, என்னைப் பார்க்காமலே சொன்னார்கள்: "எனக்கே வீட்டுல மூணு கெடக்கு தாயி. உனக்கு உங்கம்மாவே இருக்கட்டும்."

நெல்லுக்கு மருந்து

அன்று சாயங்காலம் நான் செய்தது வியாபார துரோகம். நித்யா தினமும் பார்க்கிற கேசட்டை எடுத்தேன். மேலே பதிவு செய்ய முடியாதபடி ஓரத்தில் உடைத்திருந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினேன். அம்மா இருமுகிற இடத்தில் நிறுத்தி, டிவியில் அந்த நேரம் என்ன ஓடியதோ அதை ஏழு நிமிடம் பதிவு செய்தேன். ஓடியது விவசாய நிகழ்ச்சி. இனி அந்தப் படத்தில் அம்மா சாகமாட்டாள். நித்யா அதையும் கடைசிவரை பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் நிம்மதியாக மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் கேசட் கடையுடையது. மறுநாளே ஓனர் அதை ஏழுமலைக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை ஏழுமலை கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஓனர் காதில் விழாமல் கேட்டார்: "அக்கா, அம்மாக்காரி இருமிக்கினு இருந்தா. அப்பால ஒரு ஆளு நெல்லுக்கு மருந்து அடிக்கிறான். அப்பால பாத்தா பொண்ணு அழுவுது. மருந்தக் குடிச்சிட்டாளா இன்னா?"

நான் எழுதாத வரி

வரும் வாரம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நேற்று பெட்டியில் துணி அடுக்கினேன். நித்யா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பயம் தெரியக்கூடாது என்று வாய்க்குள் ஏதோ பாட்டை முனகியிருக்கிறேன். சட்டென்று எழுந்து வந்து இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள். கை ஈரமாக இருந்தது.

நாற்பது சீட்டு எழுதியிருக்கிறேன். எல்லா அம்மாவும் சாகிறாள் என்று எழுதினேன். சாவதற்கு முன்னால் எல்லா அம்மாவும் பிள்ளையை மடியில் போட்டு ஒரு தாலாட்டுப் பாடுகிறாள் என்பதை ஒன்றில்கூட எழுதவில்லை, எனக்கு உறைக்கவே இல்லை. இங்கிலீஷ் தெரியாத என் மகள் சொன்னாள்: "பாடாதம்மா. பாடுற அம்மாதான் செத்துப்போறாங்க."

பொம்மைப் படங்களை இவ்வளவு கேவலமாகத் திட்டுகிற நான், நேற்றிலிருந்து குளிக்கும்போதுகூட வாய்க்குள் முனகுவதில்லை.