போன் போட்டுவிட்டுப் போன வீடுகள்

டாக்டர் ஜஹீரா மேடம் முப்பத்தொரு வருடம் ஆஸ்துமாவை ஆராய்ந்தவர். மேற்குத் தாம்பரத்திலிருந்து நாவலூர் பக்கம் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தன் காரைத் தானே ஓட்டி வருவார். முதல் பதினைந்து வருடம் எலிகளோடு போயிற்று. நுரையீரல் ஏன் அழன்று வீங்குகிறது, எந்தப் புரதம் அதைத் தூண்டுகிறது என்று தேடினார். விடை கைக்கு எட்டும் நேரத்தில் வேறு நாட்டுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அந்த நாளைப் பற்றிக் கேட்டால், "வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வச்சேன். நல்லா வந்துது" என்பார். அவ்வளவுதான்.

பிறகு வீட்டுத் தூசிக்கு வந்தார். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று வாழ்கிறது. அதன் கழிவு மூச்சில் போனால் சில பிள்ளைகளுக்கு வீசிங் வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீடு எழுபது, அவற்றின் பக்கத்து வீடு எழுபது என்று எடுத்துக்கொண்டோம். மெத்தைமேல் வாக்குவம் மெஷினை இரண்டு நிமிடம் ஓட்டித் தூசியைப் பிடிப்பது என் வேலை.

"போன் போட்டுட்டுப் போப்பா. முன்னப்பின்ன தெரியாத ஆள் படுக்கையறைக்குள்ள வர்றது பொம்பளைங்களுக்குச் சங்கடம்" என்று மேடம் சொல்லியிருந்தார். போட்டுவிட்டுத்தான் போனேன்.

முடிவு தலைகீழாக வந்தது. ஆஸ்துமா வீடுகளில் பூச்சி குறைவு. பக்கத்து வீடுகளில் மூன்று மடங்கு. மேடம் மறுபடி மறுபடி சோதிக்க வைத்தார். எண் மாறவில்லை. நல்ல ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஓய்வுக்கு முன் மேடத்தின் கடைசிக் கட்டுரை, இருப்பதிலேயே பெரியது. என் பெயரும் அதில் இருந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். அச்சில் வரப்போகிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த சுற்றுக்கு அதே வீடுகளுக்குப் போனோம். அனகாபுத்தூரில் சுந்தரவல்லி அக்கா வீடு. மகனுக்கு வீசிங். தேதியை நான் ஒருநாள் முன்னதாகக் குறித்துவிட்டேன். மேடமும் கூட வந்திருந்தார்.

"இன்னா சார், நாளைக்கு வரேன்னுதானே போன்ல சொன்னீங்க? வூடு கீற கோலத்தப் பாருங்க!"

"பரவாயில்லக்கா, ரெண்டு நிமிஷம்."

"உங்களுக்குப் பரவால்ல, எனக்கு மானம் போவுதே! தலகாணி உறை கூடத் தோய்க்கல. போன தபா நீங்க போன் பண்ணதும் மெத்தைய ரெண்டு நாள் வெயில்ல போட்டு அடிச்சி எட்தேன். டாக்டரம்மா வராங்கன்னா ஒரு மருவாதி வேணாவா?"

மேடம் வாசலிலேயே நின்றார். "பக்கத்து வீட்லயும் அப்படிச் செஞ்சாங்களா?"

"அவுங்களுக்கு யாரு சொன்னா? நீங்கதான் திடுதிப்புனு கதவத் தட்டுனீங்க!"

உண்மைதான். எழுபது வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இல்லை.

ஆய்வுக்கூடம் திரும்பி, பன்னிரண்டு அம்மாக்களுக்குப் போன் போட்டு, அவர்களும் மெத்தையைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டேன். பதினொரு பேர் ஆமாம் என்றார்கள். ஒருவர் பழைய மெத்தையைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு விரித்திருந்தார்.

மேடத்திடம் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்குக் கடிதம் அடிக்க ஆரம்பித்தார்.

"ஒரு திருத்தம் போட்டா போதாதா மேடம்?"

"எதைத் திருத்துறது? இதைப் படிச்சிட்டு ஒரு டாக்டர், 'தூசியெல்லாம் காரணமில்லம்மா, மெத்தைய அப்படியே விடுங்க'ன்னு சொல்வார். அந்தப் பையன் அதுலதான் படுப்பான்."

"போன் போட்டது நான்."

"போடச் சொன்னது நான். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அனுப்பினார். "கோபமா?" என்றார். இல்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் வழக்கம்போல வந்தோம், வழக்கம்போல டீ குடித்தோம்.

மே மாதம் பிரிவு உபசார விழா. அலுவலகத்தில் பழைய பட்டியலையே கொடுத்திருந்தார்கள். இயக்குநர் ஸ்ரீரங்கன் சார் மைக்கில், "நாற்பத்து மூன்று ஆய்வுக் கட்டுரைகள்!" என்றார். கைதட்டினார்கள்.

மேடம் மாலையோடு எழுந்தார்.

"நாற்பத்து ரெண்டு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.