கையில் கொடுத்தால் குற்றம்... மெஷினில் கொடுத்தால் டிப்ஸ்!

போன வாரம் ஒரு பொம்மை என்னைப் பார்த்து அழுதது. கொடைக்கானலில், பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க!

நாத்தனார் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொடைக்கானலில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்ப முடியாது... சாக்லேட் வாங்கிக் கொடுத்தே ஆகவேண்டும். நாங்கள் என்னவோ கொல்லையில் சாக்லேட் செடி வளர்ப்பதாக எல்லாருக்கும் ஒரு நினைப்பு. சரி என்று நானும் என் வீட்டுக்காரரும் ஏரிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கடைக்குப் போனோம்.

கண்ணாடிக் கதவு, மஞ்சள் விளக்கு, மெல்லிசாக இங்கிலீஷ் பாட்டு. கூடையை நானே எடுத்தேன். அலமாரி அலமாரியாக நானே தேடினேன். மேல் தட்டில் இருந்த டப்பாவை எம்பி எடுத்ததும் நானே. மலையில் பிளாஸ்டிக் பை கிடையாதே, அதனால் துணிப்பையும் என்னுடையது. கவுன்டரில் அந்தப் பையின் வாயை விரித்துப் பிடித்ததும் நான்தான்!

பில் போட்ட பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கழுத்தில் தொங்கிய ஐடி கார்டில் ஆங்கிலத்தில் 'தர்ஷினி' என்று பெயர். விறுவிறுவென்று பில் போட்டுவிட்டு, கவுன்டரில் இருந்த ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாள்.

"ஒரு ஆப்ஷன் செலக்ட் பண்ணுங்க மேடம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

'எங்கள் ஊழியரின் புன்னகைக்கு உங்கள் டிப்ஸ்!' என்றது ஸ்கிரீன். ஐந்து சதவீதம், பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று பச்சை நிறத்தில் பெரிய பெரிய பட்டன்கள். எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாலும் சிக்காத எழுத்தில் 'வேண்டாம்'. தேடிப் பிடித்து அதில் விரலை வைத்தேன். உடனே ஒரு மஞ்சள் முகப் பொம்மை எழும்பி, பொலபொலவென்று கண்ணீர் விட்டு, 'நிச்சயமாகவா?' என்று கேட்டது.

வந்ததே கோபம் எனக்கு!

"பத்து சதவீதத்தை அமுக்கிட்டு வா. பின்னாடி நாலு பேர் பார்க்கிறாங்க" என்று என் வீட்டுக்காரர் காதுக்குள் சொன்னார். பார்க்கிறார்கள்தான். அதை நம்பித்தானே அந்த மெஷினையே வைத்திருக்கிறார்கள்! நம்முடைய கூச்சம்தான் அவர்களுக்கு முதலீடு.

கஞ்சத்தனத்துக்குப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீடு ரோட்டிலிருந்து சரிவில் இறங்கிப் போகவேண்டிய வீடு. மழை நாளில் வழுக்கும் படிகளில் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து இறங்குகிறார் ஒருவர். அவருக்கு டீயும் உண்டு, கையில் பணமும் உண்டு. ஓட்டலில் முகம் பார்த்துப் பரிமாறுகிறவருக்கு எதுவும் வைக்காமல் நான் எழுந்ததே கிடையாது. அதெல்லாம் மனசு குளிர்ந்து கொடுப்பது. கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பது என் இஷ்டம். இங்கே? எல்லா வேலையையும் நானே செய்திருக்கிறேன். டிப்ஸ் கொடுப்பதென்றால் எனக்கு நானே அல்லவா கொடுத்துக்கொள்ள வேண்டும்?

"இந்தக் காசு உனக்கு வருதாம்மா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

அவள் தலைக்கு மேலே இருந்த கேமராவை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். எனக்குப் புரிந்துபோயிற்று. மறுபடியும் 'வேண்டாம்' என்பதையே அழுத்தினேன். பொம்மை அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தது.

எனக்கு அடுத்து நின்றவர் கன்னிவாடியிலிருந்து குடும்பத்தோடு வேனில் வந்திருந்த ஓர் அம்மா. வரிசையில் நிற்கும்போதே என்னோடு பேச்சுக் கொடுத்திருந்தார். பெயர் வேலுத்தாய், சந்தையில் காய்கறிக் கடை. அவர் பக்கமும் ஸ்கிரீன் திரும்பியது.

"ஏத்தா, இது என்னமோ கேக்குதே?"

"டிப்ஸுங்கம்மா. வேணாம்னா கீழ அமுத்துங்க."

"டிப்ஸா? நானும் தெனம் வெள்ளனே எந்திரிச்சுக் கத்திரிக்கா நிறுத்துப் போடுறேன். எனக்கு எவன் டிப்ஸு குடுத்தான்? கறிவேப்பில கொசுறு போடலைன்னு சண்டைக்குல்ல வர்றான்!"

கையைத் தட்டியிருப்பேன். எவ்வளவு சரியான பேச்சு! நம் ஊரில் கொசுறு என்பது கடைக்காரர் நமக்குப் போடுவது. தராசு சாயச் சாய இன்னொரு தக்காளியைப் போடுவார் பாருங்கள், அது. இப்போது கடைக்காரரே நம்மிடம் கொசுறு கேட்கிறார், அதுவும் சதவீதக் கணக்கில்!

ஆனால் வேலுத்தாய் அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆனா நீ பாவம்த்தா. உக்கார ஒரு ஸ்டூலக் கூடக் காணோம், வந்ததுலருந்து பாக்குறேன், நின்னே கெடக்க. மிசினுக்கு என்னாத்துக்குக் குடுக்கணும்? இந்தா, நீ வச்சுக்க." பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டார்.

அந்தப் பெண் நெருப்பைத் தொட்டதுபோல் பதறினாள். "ஐயோ, வேணாம்மா! கையில வாங்கினா வேலை போயிரும்மா!"

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுப்பதற்குள் உள்ளே கண்ணாடி ரூமிலிருந்து மேனேஜர் வந்துவிட்டார். கழுத்தில் டை, காதில் போன்.

"கேமரால பார்த்துட்டேன் தர்ஷினி. கஸ்டமர்கிட்ட கேஷ் வாங்கக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது? ஐடி கார்டைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு."

"சார், நான் கேக்கல சார்... சத்தியமா கேக்கல சார். அம்மாவுக்குக் கால் முடியல, எஸ்டேட்டுக்கே போறதில்ல. என் சம்பளத்துலதான் சார் வீடு ஓடுது..."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏங்க தம்பி, மெஷின் கேட்டா டிப்ஸ், மனுஷி குடுத்தா குத்தமா? மெஷின்ல போடுற பணம் யாருக்குப் போகுது? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"அது கம்பெனி அக்கவுன்ட்ல சேருது மேடம். வருஷக் கடைசில ஸ்டாஃபுக்கு இன்சென்டிவா..."

"குடுத்திருக்கீங்களா?"

"கடை தொறந்து இன்னும் வருஷம் ஆகலையே மேடம்."

கேட்டீர்களா அநியாயத்தை? சம்பளம் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அவர் தன் கடமையை ஒரு ஸ்கிரீனில் ஏற்றி நம் தலையில் கட்டுகிறார். அந்தப் பெண்ணின் சிரிப்பைக் காட்டி வசூல். ஆனால் வசூல் அவள் கைக்கு வராது. பிரியப்பட்டு ஒருவர் அவள் கையில் வைத்தாலோ, அவள் திருடி! பிச்சை என்று சொல்லக்கூட எனக்கு மனசு வரவில்லை. பிச்சையில் கேட்கிறவருக்காவது காசு போய்ச் சேரும்.

தர்ஷினி கார்டைக் கழற்றக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அப்போதுதான் வேலுத்தாய் கவுன்டரில் ஓங்கித் தட்டினார்.

"ஏலே, யாரப் பாத்துக் கஸ்டமருங்குற? இவ எங்க அண்ணன் மக! அத்தைக்காரி நான் மலைக்கு வந்திருக்கேன், புள்ள கையில காசு குடுக்கேன். அது டிப்ஸா?"

மேனேஜர் அசரவில்லை. "அப்படியா? உங்க அண்ணன் பொண்ணு பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

வேலுத்தாய் அந்தப் பெண்ணின் கார்டைப் பார்த்தார். அதில் இருந்ததோ ஆங்கில எழுத்து. மேனேஜர் சற்று முன் பெயரைச் சொல்லி அதட்டியது அந்தக் கலவரத்தில் அவருக்கு மறந்தே போயிருக்க வேண்டும். முழித்தார்.

எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை... "ஏ தர்ஷினி! என்னடி முழிக்கிற? அத்தை ஆசையாக் குடுக்குது, வாங்கி வச்சுக்கோ!" என்று கத்தினேன்.

மேனேஜர் திரும்பினார். "நீங்க யாரு மேடம்?"

"பெரியம்மா."

அடுத்து நடந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. முப்பது வருஷமாகப் பொது இடத்தில் வாயே திறக்காத என் வீட்டுக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் பெரியப்பா" என்றார்.

வரிசையில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கூடையைக் கீழே வைத்தார். "நானுங்க சித்தப்பாங்க. புள்ளைய எதுக்குங்க மிரட்டறீங்க?" அவருக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பையன், "நாங்க அண்ணனுங்க சார், நாலு பேர்!" என்று குரல் கொடுத்தான். கடை முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீரோடு தர்ஷினியும் சிரித்துவிட்டாள்.

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், எனக்கு மட்டும் இதுல ஒரு பைசா வருதா? மொதலாளி பெங்களூர்ல உக்காந்து கேமராவப் பாக்குறார். நாளைக்குக் கேப்பார். என்ன சொல்லட்டும்?"

"அத்தை வந்துச்சுன்னு சொல்லுய்யா!" என்றார் வேலுத்தாய். "வெரசா பில்ல முடிக்கச் சொல்லு. வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்."

மேனேஜர் அந்தக் கார்டை நேராகத் தொங்கவிடும்படி சைகை காட்டிவிட்டுக் கண்ணாடி ரூமுக்குள் போய்விட்டார். நோட்டு தர்ஷினியின் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. நாம் சிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம், நாளைக்கு அந்தப் பெண்ணை என்ன செய்வார்களோ? இரண்டு நாள் பொறுத்தேன். அப்புறம் சாக்லேட் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மறுபடி போனேன்.

கவுன்டரில் தர்ஷினிதான் நின்றிருந்தாள். அப்பாடா! ஆனால் அவள் தலைக்கு நேர் மேலே, கேமராவுக்குப் பக்கத்தில், புத்தம் புது போர்டு ஒன்று மாட்டியிருந்தது. 'ஊழியர்களின் உறவினர்களுக்கு இந்தக் கவுன்டரில் பில் போடப்பட மாட்டாது. இப்படிக்கு, நிர்வாகம்.'

என்னைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். கண்ணாடி ரூமில் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்ததும் தெரிந்தது. "வெல்கம் மேடம்" என்று சொல்லப் போகிறாள், பாவம், வேறு என்ன செய்வாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கடைக் கடைசி வரை கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வாங்க பெரியம்மா! அத்தை எப்படி இருக்காங்க?"

மேனேஜர் சட்டென்று ஒரு ஃபைலைத் திறந்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பெங்களூர் முதலாளி ஐயா... உறவுக்காரர்களுக்கு பில் கிடையாது என்று போர்டு மாட்டிவிட்டீர்கள், சரி. எங்கள் பக்கத்தில் பிறகு யாருக்குத்தான் சாக்லேட் விற்பதாக உத்தேசம்?