கேள்விக்குறிப் பெயரில் ஒரு கோப்பு

இன்று கல்லூரிக் கணினி அறையில், என் ஆய்வேட்டுக் கோப்புகளுக்கு நடுவே, பெயரில் கேள்விக்குறிகளோடு ஒரு கோப்பு கிடந்தது. நான் வைத்ததாக நினைவில்லை. அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து அழிக்கவும் முடியவில்லை.

"மொத்தத்தையும் அழிச்சிரும்மா, அதுவும் சேந்து போயிரும்" என்றார் ஆபரேட்டர்.

"என் மூணு மாச வேலையும்ல போயிரும்ணே!"

நேற்று என் கணினி டெர்மினலில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பதினோரு முறை 'வேண்டாம்' என்றேன். அந்த விளங்காத பெயருக்கு மட்டும் 'சரி'. தொலைந்தது.

"நீ பேரைத் தப்பா அடிச்சிட்டு பேக்ஸ்பேஸ அமுக்கியிருப்பேம்மா. இந்த மிஷின்ல அதுவும் பேருல ஏறி, கேள்விக்குறியாத் தெரியும்" என்றார் அவர்.

இருக்கலாம்.

ஆனாலும் தல்லாகுளம் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், பேக்ஸ்பேஸைத் தொடாமல்.

நீங்களாக இருந்தால் அவரை நம்பியிருப்பீர்களா?