சில்லறை டீச்சரின் கையெழுத்து

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சில்லறை டீச்சர். காலையில் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பும் பஸ் காசைத் தவிர அவர் பையில் வேறு காசு இருக்காது. சம்பளம் வங்கியில் விழும். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் வீட்டுக்காரரிடம், பணம் எடுத்தால் செய்தி வருவதும் அவர் போனுக்குத்தான். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தருகிறவருக்குத் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஓவிய டீச்சர், வாய் கொஞ்சம் நீளம்.

இந்த லட்சணத்தில், பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு பயிற்சிப் பெட்டி வந்தது. தலைமையாசிரியை அதை அப்படியே சில்லறை டீச்சர் தலையில் கட்டிவிட்டார். விளையாட்டு நோட்டுகள், வரவு செலவு அட்டைகள், ஆசிரியர் கையேடு எல்லாம் இருந்தன. காகித ஏடிஎம் மட்டும் நசுங்கி வந்ததால், நான் ஒரு ஃபிரிட்ஜ் பெட்டியை வெட்டி வர்ணம் பூசிக் கொடுத்தேன்.

வகுப்பில் டீச்சர் கையேட்டைப் பார்த்துப் படித்தார். "ரகசிய எண்ணை வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது."

முன் வரிசைப் பெண் எழுந்தாள். "எங்க அம்மா நம்பர் அப்பாவுக்குத்தான் தெரியும் டீச்சர். அம்மாவுக்கே தெரியாது!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் அவசரமாகக் கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அன்று சாப்பாட்டு வேளையில் என்னிடம் வாய் திறந்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கணக்கில் ஒன்றும் இல்லை, படித்தது போதும், நிறுத்திவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

"பேங்க்ல போய்க் கேளுங்களேன்" என்றேன்.

"போனா அவரை நம்பலைன்னு ஆயிடும். அடிக்கல்லாம் மாட்டார்மா. பேச மாட்டார். போன தடவை ரெண்டு மாசம் பேசல. சொந்த வீட்டுல தும்மக்கூட பயமா இருந்துச்சு."

"அப்போ பொண்ணு படிப்பு?"

அவர் டப்பாவை மூடிவிட்டார். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது.

கையேட்டின் கடைசிப் பாடம், பிள்ளைகளை வங்கிக்கு அழைத்துப்போவது. அதை வெள்ளிக்கிழமைக்கு வைத்தது என் வேலைதான். வழியெல்லாம் டீச்சர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை தப்பியது.

வங்கியில் கவுன்ட்டர் அம்மாள் பணம் எடுக்கும் சீட்டைத் தூக்கிக் காட்டி விளக்கினார். "யாராச்சும் ஒரு டீச்சர் நிஜமாவே எடுத்துக் காட்டுங்களேன்."

நான் கிள்ளுவதற்குள் சில்லறை டீச்சர் தானே முன்னால் போய் அடையாள அட்டையை நீட்டினார். இருப்பு எவ்வளவு என்று மெல்லிய குரலில் கேட்டார். அம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தள்ளினார். மகள் படிப்பை முடிக்கும்வரை கட்டினாலும் மீதி இருக்கும் தொகை. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் வெளுத்துவிட்டது.

"இல்லன்னு சொன்னாரே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு கட்டணத் தொகையைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோழி கிளறினது போல இருந்தது.

"இது ஒத்துப்போகலையே மேடம்."

இரண்டாவது சீட்டுக்கும் அதே கதி. "இன்னொரு தடவை பாருங்க. இல்லாட்டி மேனேஜர், பதிவுல இருக்கற போன் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்குவார்" என்றார் அம்மாள். பதிவில் இருப்பது யார் எண் என்று எனக்குத் தெரியும். வம்பை இழுத்துவிட்டோமோ என்று அப்போதுதான் பயந்தேன்.

"உங்க பேருன்னு நெனைக்காதீங்க. வெறும் கோடுன்னு நெனைங்க. மூச்சை விட்டுட்டு ஒரே இழுப்பா இழுங்க" என்றேன். படம் வரையப் பயந்து நிற்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது அதுதான்.

இழுத்தார். ஒத்துப்போனது.

பணம் அவர் கைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் பையில் போன் அடித்தது. வீட்டுக்காரர். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. டீச்சர் பணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினார். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"எடுக்காதீங்க, கட்டணத்தைக் கட்டிட்டு அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

எடுத்துவிட்டார். மறுமுனைக் கத்தல் எனக்கே கேட்டது. "எவனோ நம்ம கணக்குலேருந்து பணத்தை எடுத்துட்டான்! மோசடிடி! நீ உடனே பேங்குக்கு ஓடு!"

மனைவி தன் சம்பளத்தைத் தானே எடுத்திருப்பாள் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எவனும் இல்லீங்க" என்றார். "நான்தான்."