பிழை சொல்ல ஒரே இடம்

பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் வெடி. அடித்த புருஷனின் பல்லை உடைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் என்று ஊரே பேசும். பேசினால் என்ன, உண்மைதானே! தகடு அமுக்கும் இரண்டு பிரஸ்களையும் ஓட்டுகிற மென்பொருளைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. இரண்டாவது பிரஸ்ஸில் நின்றவன் அவள் தம்பி.

கதவு திறந்திருந்தால் சென்சார் சொல்லி பிரஸ் நிற்க வேண்டும்; அன்று காலை அது நிற்காமல் அவன் கையின் மேல் இறங்கிவிட்டது. விரல்கள் கூழாகிப் போயின. தூக்கிக்கொண்டு போகும்போதும், "நான் சென்சாரைத் தொடவே இல்லக்கா," என்று அலறிக்கொண்டே போனான்.

மென்பொருளின் நூலகத்தை, அதாவது பிரஸ்களோடு பேசும் நிரல் தொகுப்பை, எழுதியவன் முதலாளியின் மருமகன். அவன் திரையைத் தட்டிக் காட்டினான். "பாரு, ஒரு பிழையும் வரல. உன் தம்பிதான் கதவு சென்சார்ல தில்லுமுல்லு பண்ணியிருக்கான். போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறோம்."

கை போனது போதாதென்று ஜெயில் வேறா? அவள் கணினி முன் உட்கார்ந்தாள். நூலகத்தைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு த்ரெட், ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் நிரல் இழை. எத்தனை த்ரெட் ஓடினாலும் பயமில்லை என்று தலைப்பில் பெருமை வேறு. இரண்டும் மோதாமல், ஒரு நேரத்தில் ஒன்றே நுழையப் பூட்டுப் போட்டிருந்தான், சரி. ஆனால் பிழையை எழுதிவைக்க இரண்டுக்கும் ஒரே இடம். அதையும் ஒவ்வொரு த்ரெட்டும் பூட்டைத் திறந்த பிறகுதான் போய்ப் படிக்கிறது. அந்த இடைவெளியில், இரண்டாவது பிரஸ் எழுதிய 'கதவு திறந்திருக்கிறது' என்பதை முதல் பிரஸ்ஸின் 'பிழை இல்லை' அழித்துவிடும்; கதவு திறந்திருந்தும் பிரஸ் இறங்கும். அடப்பாவி!

ஓடினாள். ரத்தத்தைக் கழுவிவிட்டு அதே பிரஸ்ஸில் வேறொருவரை நிறுத்தியிருந்தார்கள்.

"நிறுத்துங்கண்ணே, கைய எடுங்க!"

மருமகன் பாய்ந்துவந்து ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்து, தலையை பிரஸ்ஸின் சட்டத்தில் மோதினாள். கதவைத் திறந்து, அவன் கையை முறுக்கி அச்சுக்கு அடியில் திணித்தாள்.

"ரெண்டு பிரஸ்ஸும் ஓடுது. கதவு திறந்திருக்கு. உன் நூலகம் பிழை சொல்லி நிறுத்திரும்ல? பேசாம கைய வச்சிரு!"

"ஐயோ, ஆஃப் பண்ணுங்க! சில சமயம் சொல்லாது!" அவன் துடித்தான். "எனக்குத் தெரியும், சொல்லாது!"

பிரஸ்ஸில் நின்றவர் மெயின் சுவிட்சை இறக்கினார். அவள் பிடியை விட்டாள். மருமகன் கையை உருவிக்கொண்டு எழுவதற்குள் அந்த மனிதர் அவன் வாயிலேயே ஒரு குத்து விட்டார்.